அவசரப் பையும் ஆண் அனுமதியும்

ஐப்பசி மழை தொடங்கும் முன்பே அந்தப் பட்டியல் வந்துவிடும். டார்ச் லைட், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, மூன்று நாளுக்குக் குடிநீர், பிஸ்கட், பால் பவுடர், மாத்திரைகள், பிளாஸ்டிக் உறையில் ஆவணங்கள், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க். அரசுத் துண்டறிக்கையிலும் பத்திரிகைகளின் மகளிர் பக்கத்திலும் குடியிருப்போர் சங்க வாட்ஸப் குழுவிலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். 'தயாராக வைத்திருங்கள்' என்று முடியும். தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் அமைந்துவிடும். யார் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. சொல்லத் தேவையுமில்லை. மகளிர் பக்கத்தில் அதைப் போட்டதே போதும்.

பட்டியலில் உள்ள பொருள்கள் தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. 2015 வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் மூன்றையும் தென்சென்னையில் தரைத்தள வீட்டிலிருந்து பார்த்தவள் நான். மின்சாரம் போன நான்காம் நாள் ஒரு மெழுகுவர்த்தியின் மதிப்பு என்னவென்று எனக்குத் தெரியும். என் கேள்வி வேறு. வீட்டைப் பேரிடருக்குத் தயார்செய்யும் வேலை முழுவதும் பெண்ணுடையது. ஆனால் அந்த வீட்டைவிட்டு எப்போது வெளியேறுவது, எங்கே போவது, கையிலிருக்கும் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாருடையது? பொறுப்பு ஒருவரிடமும் அதிகாரம் இன்னொருவரிடமும் இருக்கும் வீடு, எத்தனை டார்ச் லைட் வாங்கி வைத்தாலும் தயாரான வீடு ஆகாது.

முதலில் வேலையைப் பார்ப்போம். புயல் எச்சரிக்கை வந்த அன்று ஒரு வீட்டில் என்னவெல்லாம் நடக்கிறது? குடம், அண்டா, பக்கெட் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தாக வேண்டும். மின்சாரம் போவதற்குள் மாவு அரைக்க வேண்டும். அரிசி மூட்டையைப் பரணில் ஏற்ற வேண்டும். மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று எண்ண வேண்டும். பிள்ளைகளின் பாடப் புத்தகங்களை மேலே தூக்கி வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் இருப்பதில் எது முதலில் கெடும் என்று யோசித்துச் சமைக்க வேண்டும். நீர் வடிந்த பிறகு இன்னொரு சுற்று: சேறு வழிப்பது, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பது, நனைந்த பாயையும் தலையணையையும் காயவைப்பது, லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்பது, காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவது. இவற்றில் உடலால் செய்யும் வேலை பாதி. எது எங்கே இருக்கிறது, எது தீரப்போகிறது, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதை ஆண்டு முழுவதும் மனத்தில் வைத்திருப்பது மீதிப் பாதி.

சாதாரண நாளிலேயே கணக்கு எப்படி என்று பாருங்கள். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் அதற்குச் செலவிடுகிறார். வீட்டுவேலை செய்யும் ஆண் செலவிடுவது 97 நிமிடங்கள். இது வேலை செய்யும் ஆண்களின் சராசரி மட்டுமே. அப்படி ஏதேனும் ஒரு வீட்டுவேலையாவது செய்ததாகச் சொன்ன ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். பெண்கள் நூற்றுக்கு 81 பேர். கரண்ட் இருந்து, குழாயில் தண்ணீர் வந்து, கடைகள் திறந்திருக்கும் நாளின் கணக்கு இது. இவை எதுவும் இல்லாத நாளில் அந்த 299 நிமிடம் என்னவாகும் என்று எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாமலே நமக்குத் தெரியும்.

இனி அதிகாரத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 2,406 பெண்களும் 1,883 ஆண்களும் இறந்ததாக அரசுக் கணக்கு சொன்னது. கடலூர் மாவட்டத்தில் 391 பெண்கள், 146 ஆண்கள். ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இந்த எண்களை எடுத்துக்காட்டிக் காரணங்களையும் சொன்னது. ஆண்களில் பலர் கடலுக்குள் படகில் இருந்தார்கள். ஆழ்கடலில் சுனாமி அலை படகைக் கவிழ்க்கும் உயரத்துக்கு எழுவதில்லை. பெண்கள் கரையில் மீனுக்காகக் காத்திருந்தார்கள், அல்லது வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். பிள்ளைகளைத் தேடி ஓடியவர்கள் தப்பவில்லை. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தும் பல பெண்களுக்கு நீந்தத் தெரியாது. மரம் ஏறவும் தெரியாது. ஆண் பிள்ளைக்குத் தானாக வந்துசேரும் இந்த இரண்டும் பெண் பிள்ளைக்குக் கூடாது என்று யார் சொன்னது? கடலா சொன்னது?

அலை பாலினம் பார்ப்பதில்லைதான். யாரை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறோம், யாருக்கு எதைக் கற்றுத்தராமல் விட்டோம் என்பதில் நாம் பாலினம் பார்க்கிறோம். அலை வரும்போது அந்தக் கணக்குத் தீர்க்கப்படுகிறது.

இதே வங்கக்கடலின் மறுகரையில் 1991 ஏப்ரல் 29 இரவு வங்கதேசத்தைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். அங்கேயும் பெண்களின் இறப்பு ஆண்களைவிடப் பல மடங்கு. எச்சரிக்கை தெரிந்திருந்தும் வீட்டு ஆண் வந்து சொல்லாமல் வெளியேறத் தயங்கிய பெண்கள் அதில் உண்டு. புகலிடக் கட்டடத்தில் அந்நிய ஆண்களோடு ஒரே அறையில் இரவைக் கழிப்பது எப்படி என்று தயங்கியவர்கள் உண்டு. பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் விட்டுவர முடியாமல் தங்கிவிட்டவர்கள் உண்டு.

இது எங்கோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். 2015 டிசம்பர் 1 இரவு எங்கள் தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கியபோது, எதிர்வீட்டுப் பெண் இரண்டு பிள்ளைகளோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மாடிவீட்டுக்காரம்மா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிட்டபடியே இருந்தார். "அவர் வந்துடட்டும்க்கா, கேட்காமப் போனா சத்தம் போடுவார்" என்றாள். அவருக்குப் போன் போகவில்லை. அன்றிரவு யாருக்குமே போன் போகவில்லை. முழங்கால் அளவு நீரில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பிள்ளைகளைத் தூக்கிய பிறகுதான் அவள் அசைந்தாள். அவளை முட்டாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். அவள் வீட்டில் எல்லாம் தயாராகத்தான் இருந்தது. தோளில் பை, பையில் மாத்திரை, பிஸ்கட், ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். அனுமதி ஒன்றுதான் பையில் இல்லை.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013, ரேஷன் அட்டையில் வீட்டின் மூத்த பெண்ணே குடும்பத் தலைவர் என்கிறது. அரிசி வாங்க அவள் தலைவி. வாசற்படியைத் தாண்ட மட்டும் அவள் யார்?

பையில் இருக்கும் ஆவணங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வீட்டுப் பத்திரம் யார் பெயரில்? வங்கிக் கணக்குப் புத்தகம் யாருடையது? உங்கள் பட்டச் சான்றிதழ் அந்த உறையில் இருக்கிறதா, அல்லது பிறந்த வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறதா? அடகு வைத்த உங்கள் நகையின் ரசீது எங்கே? குடும்பத்தின் ஆவணங்களைக் காப்பாற்றும் பெண்ணின் கையில் அவளுக்கென்று இருக்கும் ஆவணங்கள் மிகக் குறைவு. கணவனின் அடிக்குப் பயந்து வெளியேறித் தனியே குடியிருப்பவளின் பெயர் இன்னும் அவன் அட்டையில்தான் இருக்கும். வெள்ள நிவாரணம் அட்டைக்குத்தான் வரும். மிக்ஜாமுக்குப் பிறகு 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. பிறந்த வீட்டால் துரத்தப்பட்ட திருநங்கைகள் சேர்ந்து வாழும் வீட்டை 'குடும்பம்' என்று எழுத எந்தப் படிவத்தில் இடமிருக்கிறது?

'எச்சரிக்கை குறுஞ்செய்தியாக வரும்' என்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கும் பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 54 பேர். மற்றவர்களுக்குச் செய்தி வருவது வேறொருவரின் சட்டைப் பையில்.

வெளியேறிவிட்டாலும் போய்ச்சேரும் இடம் எப்படி இருக்கிறது? 2015இல் பள்ளிக்கூடம் ஒன்றில் நடந்த நிவாரண முகாமில் ஒரு வாரம் வேலை செய்தேன். கழிவறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை, விளக்கும் இல்லை. பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார்கள். பகல் முழுக்க அடக்கிவைத்து, இருட்டிய பிறகு இரண்டு இரண்டு பேராகப் போனார்கள். குடிநீருக்கு லாரி ஏற்பாடு செய்தவர்கள் அதைக் குடிக்க முடியாத நிலை ஏன் வந்தது என்று யோசிக்கவில்லை. நாப்கின் கேட்க வேண்டியிருந்தவர்கள் ஆண் தன்னார்வலர்களிடம் வாய் திறக்கவில்லை. முகாமின் ஓரத்தில் பழைய புடவையைக் கிழித்துக்கொண்டார்கள்.

இது தவிர்க்க முடியாத கஷ்டமல்ல. உலகம் முழுவதும் நிவாரணப் பணியில் பின்பற்றப்படும் ஸ்பியர் கையேட்டில் அளவுகள் இருக்கின்றன. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிவறை, ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று, உள்ளிருந்து பூட்டும் வசதி. நம் நாட்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, நிவாரணத்தின் குறைந்தபட்சத் தரம் பற்றிப் பேசும் 12ஆவது பிரிவில் உறைவிடம், உணவு, குடிநீர், மருத்துவம், துப்புரவு ஆகியவற்றைச் சொல்கிறது. அந்தப் பிரிவில் பெண் என்று தனியே வருவது ஒரே ஓரிடத்தில்: கைம்பெண்களுக்கும் அநாதைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு. கணவன் செத்த பிறகுதான் சட்டத்தின் கண்ணுக்கு நாம் தெரிகிறோம்.

இந்த இடத்தில் இரண்டு குரல்கள் எழும். வெள்ளம் வரும்போதுகூடப் பெண்ணியமா, எல்லாரும் ஒன்றாக நிற்க வேண்டிய நேரத்தில் கணக்குப் பார்க்கலாமா என்பது முதல் குரல். நானும் ஒன்றாக நிற்கத்தான் சொல்கிறேன். ஒன்றாக நிற்பது என்றால் மாவு அரைக்கும்போதும் சேறு வழிக்கும்போதும் சேர்ந்து நிற்பது. படகு வந்ததும் செல்ஃபி எடுக்க மட்டும் சேர்ந்து நிற்பதில்லை.

இரண்டாவது குரல் இனிமையானது, அதனால் அதிக ஆபத்தானது. பெண்கள் இயல்பிலேயே முன்யோசனை உள்ளவர்கள், பொறுமைசாலிகள், அவர்கள் இல்லாவிட்டால் வீடே இயங்காது என்று அது புகழும். இந்தப் புகழ்ச்சிதான் நம் தலையில் பட்டியலை ஏற்றிவைக்கிறது. மாத்திரையை எண்ணுவதற்குக் கருப்பை தேவையில்லை. எண்ணத் தெரிந்த எவரும் எண்ணலாம்.

புகழ்ச்சியின் பின்னால் அரசும் ஒளிந்துகொள்கிறது. 2015 வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை குறிப்பிட்டது. அது 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரத்தில் இருந்த குடும்பங்களை 'பாதுகாப்பான இடத்துக்கு' என்று பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதி. மிக்ஜாமில் அங்கேயும் வெள்ளம் சூழ்ந்தது. நகரத்துக்குள் வீட்டுவேலை செய்து பிழைத்த பெண்கள் பலர் தூரத்தாலேயே வேலையை இழந்தார்கள். அவர்களிடம் போய் அவசரப் பை பற்றிப் பேசிப் பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்று வைத்தால்கூட ஐந்து பேர் வீட்டுக்கு மூன்று நாளுக்கு 60 லிட்டர் தண்ணீர், அதாவது மூன்று பெரிய கேன். அதை வாங்கக் காசு வேண்டும். ஒற்றை அறை வீட்டில் வைக்க இடம் வேண்டும். அன்றன்றைக்கு வாங்கிச் சமைக்கும் வீட்டில் மூன்று நாள் உணவைச் சேர்த்து வைக்கச் சொல்வது அறிவுரையே அல்ல. ஏரியையும் கால்வாயையும் காக்காத பொறுப்பை அந்தப் பெண்ணின் அஞ்சறைப் பெட்டிக்குள் தள்ளிவிடுவது.

மாற்ற முடியாததல்ல இது. மேலே சொன்ன வங்கதேசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1991க்குப் பிறகு அங்கே புகலிடக் கட்டடங்களில் பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்கினார்கள். கால்நடைகளுக்கு இடம் ஏற்பாடு செய்தார்கள். வீடு வீடாகப் போய் எச்சரிக்கை சொல்லும் தன்னார்வலர்களில் பெண்களைப் பெருமளவில் சேர்த்தார்கள். 'வா, போகலாம்' என்று இன்னொரு பெண் வந்து சொன்னால் கிளம்புவது எளிது. பிந்தைய புயல்களில் அங்கே உயிரிழப்பும் குறைந்தது, பெண்களுக்கும் ஆண்களுக்கும் இடையிலான வேறுபாடும் குறைந்தது. தமிழ்நாட்டிலும் சுனாமிக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிய 2005இல் ஆணை வந்தது. கேட்டால் கிடைக்கும். எனவே, நாம் கேட்க வேண்டியவற்றையும் செய்ய வேண்டியவற்றையும் கொண்ட ஒரு பட்டியலை இங்கே வைக்கிறேன்.

ஒன்று, வேலைகளின் எதிரே பெயர் எழுதுங்கள். மாத்திரை யார் பொறுப்பு, தண்ணீர் யார் பொறுப்பு, கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுவதும் மெயின் சுவிட்சை அணைப்பதும் யார் பொறுப்பு. அண்ணன், தம்பி, கணவன், மகன், மாமனார் எல்லாருடைய பெயரும் அதில் வரட்டும். பொறுப்பேற்றவரே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 'நீ ஞாபகப்படுத்தியிருந்தால் செய்திருப்பேன்' என்ற பதில் செல்லாது.

இரண்டு, வெளியேறும் முடிவை இப்போதே எடுத்துவையுங்கள். தெருவில் தண்ணீர் எந்த அடையாளத்தைத் தொட்டால் கிளம்புவது, எங்கே போவது என்று மழைக்கு முன்பே பேசிவிடுங்கள். அப்போது வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் முடிவே முடிவு. யாரையும் கேட்க வேண்டியதில்லை, பிறகு யாரும் ஏன் என்று கேட்கவும் கூடாது. இதை வீட்டிலுள்ள எல்லார் முன்னிலையிலும் சொல்லி ஒப்புக்கொள்ள வையுங்கள். இந்த ஒன்றை ஒப்புக்கொள்ளாத வீட்டில் பவர் பேங்க் இருந்தென்ன?

மூன்று, உங்களுக்கென்று ஓர் உறை. ஆதார், வாக்காளர் அட்டை, சான்றிதழ்கள், உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கின் விவரம், கொஞ்சம் ரொக்கம். நாப்கின் அல்லது சுத்தமான துணி, மாற்று உள்ளாடை, ஒரு விசில். போன் செத்துவிட்டாலும் பயன்படும்படி எண்களைத் தாளில் எழுதி வையுங்கள்: அவசர உதவிக்கு 112, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, கேஸ் கசிவுக்கு 1906.

நான்கு, நீச்சல். கல்லூரி மாணவிகளே, உங்கள் நிர்வாகத்திடம் இதைக் கேளுங்கள். சுயபாதுகாப்பு என்ற பெயரில் ஒருநாள் கராத்தே முகாம் நடத்தும் கல்லூரிகள் நீந்தவும் முதலுதவி செய்யவும் கற்றுத்தரட்டும். உடை சரியில்லை, உடம்பு தெரியும், கறுத்துப்போவாய் என்பார்கள். கடலூரின் 391ஐ நினைவூட்டுங்கள்.

ஐந்து, தெருவும் வார்டும். தனியாக வாழும் முதியவர், நிறைமாதக் கர்ப்பிணி, சக்கர நாற்காலியில் இருப்பவர் யார் யார் என்று தெருவுக்கு ஒரு குறிப்பு இருக்கட்டும். நம் உள்ளாட்சி மன்றங்களில் பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை. உங்கள் வார்டு உறுப்பினரிடம், ஊராட்சி என்றால் கிராம சபையில், புரட்டாசியிலேயே கேளுங்கள். நம் பகுதிக்கான முகாம் எது? அதில் பெண்களுக்கு எத்தனை கழிவறை? தாழ்ப்பாள் இருக்கிறதா? விளக்கு எரிகிறதா? இரவில் பொறுப்பில் இருக்கப்போகும் பெண் அலுவலர் யார்? பதில் வரும்வரை கேளுங்கள். பத்துப் பெண்களாகப் போய்க் கேளுங்கள். முடிந்தால் முகாமாகப்போகும் பள்ளிக்கூடத்துக்கே போய்க் கதவுகளைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்த ஆண்டும் அந்தப் பழைய பட்டியல் வரும். வந்ததும் அதை அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வரியின் எதிரேயும் ஒரு பெயர் எழுதுங்கள். கடைசியில் ஒரு வரி சேருங்கள்: 'தண்ணீர் வாசற்படியைத் தொட்டால் கிளம்புவோம். யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம்.' அதன்கீழ் வீட்டிலுள்ள எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். போட மறுப்பவர் யார் என்று மழைக்கு முன்பே தெரிந்துகொள்வதும் ஒரு முன்னேற்பாடுதான்.